வாசல் பெரட்டு

என் வீட்டுக்காரரின் கையிலிருந்து நழுவிய பால்வாளி, பெரட்டுக் களத்துச் சரிவில் கடகடவென்று உருண்டுபோய்க் கங்காணியின் காலடியில் நின்றது. அதற்குப் பிறகுதான் அவர் விழுந்தார். மலாயாவில் லாபிஸுக்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் விடியும் முன்பே தப்பு அடிப்பார்கள். சத்தம் கேட்டதும் லயம் என்ற எங்கள் வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் அத்தனை பேரும் களத்துக்கு வந்து வரிசையாக நிற்க வேண்டும். கங்காணி பெயர் கூப்பிடுவார், நாங்கள் குரல் கொடுப்போம், பிறகு பாலுக்காகப் பட்டையைக் கீறி மரம் வெட்டப் போவோம். அதைத்தான் பெரட்டு என்போம். காய்ச்சல்காரர்களும் வந்து நின்று, மருந்துக்கார ஐயாவிடம் நாக்கை நீட்டிக் காட்டினால்தான் பெயர் விழும். பெயர் விழாவிட்டால் கூலியும் இல்லை, அரிசியும் இல்லை. அன்று நாக்கை நீட்டும் முறை வருவதற்குள் என் வீட்டுக்காரர் விழுந்துவிட்டார். "நின்னாத்தான் பேரு. தூக்கி நிறுத்துங்க" என்றார் கங்காணி.

தூக்கியவர் என் மாமியார். ஆனால் நிறுத்தவில்லை. மகனின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, வரிசையை விட்டு விலகி லயத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய மகன் விழுந்ததைக் காட்டிலும் அவர் பேசாமல் போனதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

ஏனென்றால் என் மாமியார் வாய் மூடி இருந்து நான் பார்த்ததே இல்லை. குழம்பில் உப்புக் கூடினால் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சாட்சி வைப்பார். கப்பலேறி வந்த கொஞ்ச நாளிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு மரம் வெட்டியவர். அந்தத் தெம்பில் கங்காணியையும் ஏசுவார், மழையையும் ஏசுவார், ஒழுங்காகப் பால் சுரக்காத மரத்தைக்கூட விடமாட்டார். நான் மருமகளாக வந்த புதிதில், இந்த வாயிடம் மாட்டிக்கொண்டோமே என்று எத்தனையோ முறை பால்மரக் காட்டுக்குள் போய் அழுதிருக்கிறேன். எனக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடித்ததாகத் தெரியவில்லை. மகனை நான் சரியாகக் கவனிப்பதில்லை என்பது அவருடைய நிரந்தரக் குறை.

என் வீட்டுக்காரரைச் சாய்த்த அந்த விஷக்காய்ச்சல் முதல் தடவை தோட்டத்துக்கு வந்தபோது நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உடம்பு வலி, கொஞ்சம் இருமல், மிளகு ரசம், அவ்வளவுதான். மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் அது திரும்பி வந்தது. இந்தத் தடவை நல்ல திடகாத்திரமான ஆட்களாகத் தேடித் தேடிப் பிடித்தது. காலையில் மரம் வெட்டியவர் மாலையில் மூச்சுக்குத் திணறினார். முகமும் உதடும் நீலம் பாரித்துப் போயின. குழி வெட்டப் போனவர்களே படுத்துவிட்டார்கள். யாராவது இருமினால் நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை அப்படியே விட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

பயம் ஒரு பக்கம் இருக்க, ஆத்திரம் இன்னொரு பக்கம் ஏறிக்கொண்டே போனது. காய்ச்சல் கப்பலில் வந்தது என்றார்கள், ரயிலில் வந்தது என்றார்கள், துரை வளர்க்கும் நாயிடமிருந்து வந்தது என்றுகூட ஒருவர் சத்தியம் செய்தார். மருந்துக்கார ஐயா எந்த நோய்க்கும் ஊற்றுகிற அதே கசப்புத் தண்ணீரை இதற்கும் ஊற்றினார். அதைக் குடித்துத்தான் சாகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றாத குற்றம் என்று ஒரு கூட்டம் சொன்னது. எங்கள் லயத்து வேதக்காரக் குடும்பங்கள் மாலையானால் முழங்காலில் நின்று செபமாலை சொன்னார்கள். மூட்டை முடிச்சோடு ரயிலடிக்குப் போன ஒரு குடும்பம், பக்கத்து ஊரான சிகாமட்டிலும் இதே கதைதான் என்று கேள்விப்பட்டு மறுநாளே திரும்பி வந்தது. ஓடுவதற்கு ஓர் இடம் இருந்திருந்தால் எல்லோரும் ஓடியிருப்போம். போக்கிடம் இல்லாத கோபத்தில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சண்டை போட்டோம்.

என் வீட்டுக்காரர் விழுந்த அன்று மாலை ஆண்கள் சிலர் கிணற்றடியில் கூடி, மருந்துக் கொட்டகையை உடைத்து நொறுக்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். கையில் கம்பும் இருந்தது. தண்ணீர் எடுக்க வந்த என் மாமியார் குடத்தைக் கீழே வைத்தார்.

"சரி, ஒடச்சிட்டு என்ன செய்வீங்க? ஒடச்சவனையும் நாளைக்குக் காலையில களத்துலதான் நிக்கச் சொல்லுவாங்க" என்றார்.

"அப்போ என்னதான் செய்யச் சொல்றீங்க?" என்று ஒருவர் சீறினார்.

"களத்துக்குப் போக வேணாம். வேலைக்கு வர மாட்டோம்னும் சொல்ல வேணாம். அவங்கவங்க வாசல்ல கத்தி, வாளியோட நிப்போம். முடியாதவங்க வாசப்படியில படுத்துக்கட்டும். கங்காணிக்குக் கால் இருக்குல்ல, நடந்து வந்து பேரைக் கூப்பிடட்டும்."

வேலைக்கு வரவில்லை என்றால் பிடித்து உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று நாங்கள் நடுங்கிய காலம் அது. ஆனால் கத்தியும் வாளியுமாகத் தன் வாசலில் நிற்கிறவரை வரவில்லை என்று எப்படிச் சொல்வது? அது மெதுவாக ஒவ்வொருவர் மண்டையிலும் ஏறியது. காய்ச்சல் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எப்படித் தொற்றுகிறது என்று என் மாமியார் யோசித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. மகனை இனி ஒருநாளும் அந்தக் களத்தில் கொண்டுபோய் நிறுத்துவதில்லை என்று தீர்மானித்துவிட்டார். தன் மகனை மட்டும் நிறுத்தாமல் இருந்தால் அவன் பெயர் மட்டும் போகும். அதனால் லயம் முழுவதையும் தன் பக்கம் இழுத்தார். அன்று விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினார். கெஞ்சத் தெரியாத மனுஷி, எல்லா வீட்டிலும் திட்டித்தான் சம்மதம் வாங்கினார்.

மறுநாள் தப்பு அடித்தது. யாரும் நகரவில்லை. பனியில் ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். நிற்க முடியாதவர்கள் படியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தார்கள். நான் பிடித்திருந்த வாளி என் முழங்காலில் இடித்துச் சத்தம் போட, அதைச் சேலையால் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். வெறும் களத்தில் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கங்காணி கத்திக்கொண்டே லயத்துக்கு வந்தார்.

"களத்துக்கு வராம எல்லாரும் இங்க என்ன செய்றீங்க?"

"பெரட்டுலதான் நிக்கிறோம் கங்காணி. பேரைக் கூப்பிடுங்க" என்றார் என் மாமியார்.

கங்காணி அவரை முறைத்தார். பிறகு வேறு வழி தெரியாமல் முதல் வாசலிலிருந்து பெயர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். களத்து இருட்டில் அவருக்கு நாங்கள் வெறும் குரல்கள்தான். இங்கே ஒவ்வொரு படியிலும் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் தாயும் மகளும் ஒரே பாயில் கிடந்தார்கள். அடுத்த வீட்டில் அவருடைய ஊர்க்காரர் ஒருவர், கங்காணி யார் என்றே தெரியாமல் கண்ணைத் திறந்து பார்த்தார். பாதி லயம் வருவதற்குள் கங்காணியின் அதட்டல் அடங்கிவிட்டது.

வெயில் ஏறும் முன்பே துரை குதிரையில் வந்தார். அவர் சொன்னதைக் கங்காணி தமிழில் சொன்னார். வாசலிலேயே பெயர் கூப்பிடலாம், படுத்திருப்பவர்களுக்கும் அரிசி உண்டு. ஆனால் கங்காணி வரும்போது ஒவ்வொரு வாசலிலும் ஓர் ஆள் நின்று பதில் சொல்ல வேண்டும். ஒரு வாசல் காலியாக இருந்தாலும் மறுநாளிலிருந்து எல்லோரும் களத்துக்கு வந்தாக வேண்டும். நாங்கள் நெடுநாள் தாங்கமாட்டோம் என்று துரை நினைத்திருக்க வேண்டும். என் மாமியார் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சரின்னு சொல்லுங்க" என்றார்.

அதன் பிறகு காய்ச்சல் குறைந்துவிட்டது என்று எழுத ஆசைதான். குறையவில்லை. இன்னும் பலர் போனார்கள். ஆனால் கிணற்றடிச் சண்டை நின்றது, கம்பு தூக்கியவர்கள் வாசல் காக்கத் தொடங்கினார்கள். வீடு முழுக்கப் படுத்துவிட்டால் அந்த வாசலில் நிற்பதற்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் போனது. சாதி பார்த்துத் தண்ணீர்கூட வாங்காதவர்களின் வாசலில் யார் யாரோ நின்று, அவர்கள் சார்பில் குரல் கொடுத்தார்கள். தப்பு அடிக்கும் முன்பு என் மாமியார் லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடப்பார். எந்தக் கதவு சாத்தியிருக்கிறதோ அந்தக் கதவுக்கு அர்ச்சனை நடக்கும்.

ஒரே ஒரு காலை எல்லாம் கெட்டுப்போகப் பார்த்தது. எதிர் லயத்தில் ஒரு பெரியவர் விடியற்காலையில் இறந்துவிட்டார். அந்த வீட்டுப் பெண்கள் குரலெடுத்து அழுததும் எங்கள் வழக்கப்படி எல்லோரும் அங்கே ஓடிவிட்டோம். எழவு வீட்டில் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்து அழாமல் இருக்க யாருக்கு மனம் வரும்? கங்காணி வந்தபோது வாசல்கள் காலி. அவர் எழவு வீட்டுக்கு எட்டவே நின்று சொன்னார்: "இன்னிக்கு நான் ஒண்ணும் பாக்கல. இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா என் கையில இல்ல. தொரை என் பின்னாலயே ஆள் விட்டிருக்காரு."

என் வீட்டுக்காரருக்கு மூச்சு சீராகி, கஞ்சி இறங்கத் தொடங்கியபோது என் மாமியார் படுத்தார். அதிசயம் ஒன்றுமில்லை, மகனின் தலையை மடியிலிருந்து இறக்காமல் கிடந்தவர்தானே. படுத்தும் வாய் ஓயவில்லை. காலையில் கங்காணி எங்கள் வாசலில் நின்று அவர் பெயரைக் கூப்பிட்டால், நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும்: "இன்னும் சாகல, போட்டுக்கங்க." கங்காணிகூட அதற்குச் சிரிக்கப் பழகியிருந்தார்.

ஒரு மாலை என்னை அருகில் கூப்பிட்டார். அவருடைய உதடு நீலமாகியிருந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

"புள்ள, விடியறதுக்கு முன்னால நான் போயிட்டேன்னா, கங்காணி கடைசி வீட்டுப் பேரைக் கூப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்காத. நீ கத்துனா லயமே இங்க வந்து நிக்கும். இவன் அழுவான், இவனையும் அடக்கி வை."

"என்ன பேச்சு அத்தை இது" என்றேன்.

"இத்தனை நாளா உன்னை வாயத் தொறக்க விட்டேனா? இதுக்கு மட்டும் தொறப்பியாக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது நாங்கள் ஜொகூர் பாருவில் இருக்கிறோம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்ததைக் கேட்டுக் கேட்டு நானும் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் ரயில் தண்டவாள வேலையில் இருக்கிறார். அந்தக் காலையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். ஊரில் காய்ச்சல் பரவுகிறது என்று செய்தி வரும்போதெல்லாம், இனி அவ்வளவுதான் என்று கடைத்தெருவில் கையை விரிக்கிறவர்களைப் பார்க்கிறேன். எனக்கு எரிச்சலாக வரும். அவர்களிடம் என்ன சொல்வது என்று தெரியாததால் இதை எழுதுகிறேன்.

என் மாமியார் தப்புச் சத்தத்துக்குச் சற்று முன்னால் போனார். என் கை அவர் மார்பில்தான் இருந்தது, மூச்சு நின்றதை உணர்ந்தேன். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். நான் அவர் வாயைப் பொத்த வேண்டியிருக்கவில்லை. போர்வையைச் சுருட்டித் தானே வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார், அவர் முதுகு மட்டும் குலுங்கியது. நான் விளக்கேற்றவில்லை, முகத்தை மூடவில்லை. தூங்குகிறவருக்குப் போர்த்துவது போலக் கழுத்து வரை போர்த்திவிட்டு, கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன். எனக்குப் பிடிக்காத மாமியாருக்காக அத்தனை அழுகை எங்கிருந்து வந்ததோ, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கங்காணி வந்தார். என் வீட்டுக்காரர் பெயரைக் கூப்பிட்டார், பதில் சொன்னேன். என் பெயரைக் கூப்பிட்டார், பதில் சொன்னேன். பிறகு என் மாமியாரின் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, வழக்கமான ஏச்சுக்காக உதட்டில் சிரிப்போடு காத்திருந்தார். உள்ளேயிருந்து குரல் வரவில்லை. சிரிப்பு மெதுவாகப் போனது. என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இருக்காங்க" என்றேன்.

"இருக்காங்க" என்று அவரும் தாழ்ந்த குரலில் சொன்னார். அடுத்த வாசலுக்குப் போனார். ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு வாசலாகக் கேட்டுக்கொண்டு நின்றேன். கடைசி வீட்டுப் பெயரைக் கூப்பிட்டார், அங்கிருந்து ஒரு குழந்தையின் குரல் பதில் சொன்னது. அதற்குப் பிறகுதான் நான் வாயைத் திறந்து "அத்தே" என்று கத்தினேன். அவர் நிற்கச் சொன்ன வாசலை விட்டு யாரும் ஓடி வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் படியிலேயே நின்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு அடுத்தவள் எடுத்தாள், பிறகு எதிர் லயமும் எடுத்தது. அவரிடம் ஏச்சு வாங்காத வீடு ஒன்றுகூட அங்கே இல்லை. லயம் முழுவதும் அழுதது, அத்தனை வாசலிலும் ஆள் இருந்தது.