தகரத் தட்டில் கேட்ட பெரட்டு

2008ஆம் ஆண்டு, சிக்குன்குனியா காய்ச்சல் எங்கள் பக்கம் வீடு வீடாகப் புகுந்த மழைக்காலத்தில் இது நடந்தது. தெஹியோவிட்டவில் ரப்பர் தோட்டத்தை ஒட்டி நான் ஒரு சிறிய முதியோர் இல்லம் நடத்தி வந்தேன். மரங்களில் கட்டியிருக்கும் பால் சிரட்டைகளில் மழைநீர் தேங்கி, நுளம்பு பெருகி, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பாதிப் பேர் எழுந்து நடக்க முடியாமல் படுத்துவிட்டார்கள். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். அந்த வாரத்துப் பக்கங்கள் மட்டும் வெறுமையாகக் கிடக்கின்றன. அவற்றில் எழுதியிருக்க வேண்டியதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் எங்கள் மூவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் தொழிலில் ஒரு பிரச்சினை வந்தால், யாரிடம் கேட்பது என்று தெரியாது. குடும்பத்தாரிடம் சொன்னால் பயந்துவிடுவார்கள். வேலையாட்களிடம் சொன்னால் அவர்களும் தளர்ந்துவிடுவார்கள். அதனால் இதே மாதிரி வேலை செய்யும் மூன்று பேர் பௌர்ணமி விடுமுறையான ஒவ்வொரு போயா தினத்திலும் முறைவைத்து ஒருவர் இல்லத்தில் கூடுவது என்று வைத்துக்கொண்டோம். ஒருவர் தெரணியகல ரோட்டில் முதியோர் இல்லம் வைத்திருந்த சிங்கள அக்கா. இன்னொருவர் புளத்கொகுபிட்டியவில் ஊனமுற்ற பிள்ளைகளைப் பராமரித்த முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம். மூன்றாவது நான்.

அக்கா ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். வந்தவர்களும் கூட வந்த உதவியாளர்களும் உட்கார்ந்து பேசுவதற்கு முன், அந்த இல்லத்தில் இருப்பவர்களுக்குத் தங்கள் கையால் ஊட்டிவிட வேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை. யாருக்கு எவ்வளவு, எந்த நேரம் என்று ஒழுங்காக வைத்திருந்த என் வேலையில் வேறு கைகள் நுழைவதா?

"பேசுறது பொறகு நங்கி. ஒங்கட ஆளுகளுக்கு எங்கட மூஞ்சி பழகணும்" என்றார் அக்கா, தனக்குத் தெரிந்த தமிழில். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.

யுத்த காலம் அது. மூன்று இனத்தவர் கூடி என்ன பேசுகிறார்கள் என்று விசாரிக்க ஒரு முறை பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். அக்கா அவர் கையிலும் ஒரு கஞ்சிக் கோப்பையைக் கொடுத்து ஒரு பாட்டியின் முன் உட்கார்த்தி வைத்துவிட்டார். அதன்பின் யாரும் விசாரிக்க வரவில்லை.

என் இல்லத்தில், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கி ஓய்வுபெற்ற கங்காணியார் ஒருவர் இருந்தார். நினைவு மங்கிவிட்டது. சீனி வியாதிக்குக் காலையில் இன்சுலின் ஊசி. ஊசி போட்டால் சிறிது நேரத்தில் கட்டாயம் சாப்பிட வேண்டும். ஆனால் அவரைச் சாப்பிட வைப்பது பெரும் பாடு. பழகாத முகம் என்றால் பல்லைக் கடித்துக்கொள்வார். நானே கெஞ்சிக் கூத்தாடித்தான் ஊட்டுவேன்.

முதல் போயாவில் அக்கா அவருக்கு ஊட்டப் போனபோது, "நீ எந்த லயத்து புள்ள?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா சற்று யோசித்தார். பிறகு தகரத் தட்டை எடுத்துக் கரண்டியால் ஒரு தாளத்தில் தட்டினார். கங்காணியார் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"பெரட்டு அடிச்சிட்டாங்களா? தேத்தண்ணி எங்க?"

விடியற்காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டி, வந்தவர்களுக்குப் பேர் போட்டு வேலைக்குப் பிரிப்பதுதான் பெரட்டு. முன்பெல்லாம் அதற்குத் தப்பு மேளம் அடிப்பார்களாம். அக்கா பிறந்த கிராமம் ஒரு தோட்டத்துக்குக் கீழே இருந்தது. அந்தத் தப்புச் சத்தத்தில் கண் விழித்துத்தான் பள்ளிக்கூடம் போயிருக்கிறார். டவுனில் வளர்ந்த எனக்கு அந்தத் தாளம் தெரியாது. மறுநாள் நானும் தட்டிப் பார்த்தேன். "இது என்ன சாவு வீட்டு அடி?" என்றார் கங்காணியார். விட்டுவிட்டேன்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். சமையல்காரம்மா முதலில் படுத்தார். பிறகு உதவியாளர்களில் ஒருத்தி. மிஞ்சியது நானும் இன்னொரு பெண்ணும்தான். அன்று எழும்போதே என் முழங்கால்கள் மடங்கவில்லை. எப்படியோ கங்காணியாருக்கு ஊசியைப் போட்டுவிட்டு, "ஒடனே தேத்தண்ணியும் ரொட்டியும் குடு" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். குசினி வாசலில் தலை சுற்றியது. பிறகு கண் விழித்தபோது பக்கத்து வீட்டுக்காரரின் த்ரீவீலரில் அவிசாவளைப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் என்னை உட்கார வைத்துவிட்டு அவர் திரும்பிப் போனார். கூட்டம் அதிகம். என் முறை வருமுன்னே அதே த்ரீவீலர் மறுபடியும் வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து கைத்தாங்கலாக இறக்கப்பட்டவளைப் பார்த்தேன். என் இல்லத்தில் நான் விட்டு வந்த அந்தப் பெண்.

"கங்காணியார் சாப்பிட்டாரா?"

"இல்லீங்க மிஸ். வாயவே தெறக்கல. கெஞ்சிக்கிட்டே இருந்தேன், எனக்கும் காய்ச்சல் வந்து கைகால் வெட்டி இழுத்துருச்சுங்க." அவள் அழத் தொடங்கினாள்.

"இப்ப வீட்ல யாரு?"

"எம் பொஞ்சாதிதான் நிக்கிறா" என்றார் த்ரீவீலர்காரர்.

அந்த அம்மாவைக் கங்காணியார் பார்த்ததே இல்லை. உள்ளே போன இன்சுலின் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். சாப்பாடு போகாவிட்டால் வியர்க்கும், நடுங்கும், பிறகு மயக்கம், அதன்பின் உயிருக்கே ஆபத்து. ஊசி போட்டது என் கை. என் கைபேசியில் இல்லத்துக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது: இல்லத்துப் போன் என் அறையில், அறை பூட்டியிருக்கிறது, சாவி என் கைப்பையில். வெளியே போகும்போதெல்லாம் பூட்டுகிற பழக்கம், அரை மயக்கத்திலும் யாரிடமோ சொல்லிப் பூட்ட வைத்திருக்கிறேன்.

த்ரீவீலர்காரரைத் திரும்பி ஓட்டச் சொன்னேன். ஆனால் அவர் போய்ச் சேர அரை மணி நேரமாவது ஆகும். சேர்ந்தாலும் அந்த வாயை யார் திறப்பது? அக்காவின் இல்லம் அதைவிடப் பக்கம். விரல்கள் வீங்கிப் பொத்தான்கள் சரியாக அமுங்கவில்லை. இரண்டு தடவை தவறான இலக்கத்துக்குப் போனது. மூன்றாவது தடவை அக்கா எடுத்தார். அவர் இல்லத்திலும் காய்ச்சல் என்பது எனக்குத் தெரியும். நான் பாதி சொல்லும்போதே, "பய வென்ட எபா நங்கி. மங் யனவா" என்றார். பயப்படாதே, நான் போகிறேன். அவ்வளவுதான். தொடர்பு அறுந்தது.

அதற்குப் பிறகு காத்திருந்த நேரத்தைப்போல் ஒரு நேரத்தை என் வாழ்க்கையில் நான் அறிந்ததில்லை. பெயரைக் கூப்பிட்டார்கள், நான் எழுந்திருக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் மண் சரிந்திருந்தால்? அவர் போவதற்குள் மயங்கிவிட்டிருந்தால்? மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பது த்ரீவீலர்காரரின் மனைவிக்குத் தெரியுமா? கங்காணியாரின் மகள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். அவளுக்கு நான் என்னவென்று சொல்வேன்?

என் போன் அடித்தது. அக்காவின் கைபேசியிலிருந்து. எடுத்தேன். பேச்சு இல்லை. டக் டக் டக் என்று தகரத்தில் கரண்டி விழும் சத்தம். அந்தத் தாளம்! சிறிது இடைவெளி. பிறகு தளர்ந்த, ஆனால் கோபமான ஒரு குரல்:

"தேத்தண்ணில இம்புட்டுச் சீனியா? இன்னொரு கோப்பை ஊத்து. பெரட்டுக்கு நேரமாச்சு."

நான் அந்த வாங்கிலேயே வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் காய்ச்சல் வலி என்று நினைத்திருப்பார்கள்.

அக்கா பிறகு சொன்னார்: போனபோது கங்காணியாரின் பனியன் தெப்பமாக நனைந்திருந்ததாம், கை நடுங்க, யாரென்று தெரியாமல் வெறித்துக்கொண்டிருந்தாராம். பக்கத்து வீட்டம்மா கொடுத்த சீனித் தண்ணீரைத் துப்பியிருக்கிறார். தட்டுச் சத்தம் கேட்டதும் வாய் தானாகத் திறந்ததாம்.

மத்தியானம் நானா பேசினார். "பயப்படாதீங்க தங்கச்சி. எங்கட ரெண்டு பேர அனுப்பியாச்சு. ஒங்கட ஆக்கள அவங்களுக்குத் தெரியும் தானே." போயா நாட்களில் நானாவுடன் வந்து என் இல்லத்தில் ஊட்டிவிட்ட அதே இருவர். நான் எழுந்து நடக்கும்வரை அவர்கள்தான் அங்கே இருந்தார்கள். யாருக்குப் பால் ஆகாது, யாருக்கு இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் நோகும் என்று ஒருவரும் எனக்குப் போன் செய்து கேட்கவில்லை.

அடுத்த போயா என் இல்லத்தில் நடந்தது. கங்காணியார் நன்றாக இருந்தார். எனக்குக் காய்ச்சல் விட்டிருந்தாலும் விரல்கள் மடங்கவில்லை. பேனாவும் பிடிக்க முடியாது, கரண்டியும் பிடிக்க முடியாது. எல்லாருக்கும் ஊட்டி முடிந்ததும், தொடாமல் வைத்திருந்த என் தட்டை அக்கா பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கரண்டியால் தட்டின் விளிம்பில் மெல்லத் தட்டினார்.

"பெரட்டு, நங்கி!"

நானா சிரித்தார். கட்டிலிலிருந்து கங்காணியார், "அந்தப் புள்ளைக்கும் பேர் போடுங்க, வேலைக்கு வந்துருச்சு" என்றார். நான் வாயைத் திறந்தேன்.

இத்தனை பேரைத் தனியாகத் தாங்குகிறேன் என்று நினைத்திருந்த நான், அன்று அந்த முதல் வாய்ச் சோற்றை விழுங்கியபோதுதான், என்னையும் தாங்க அக்காவும் நானாவும் போயாவுக்குப் போயா பழகிக்கொண்டிருந்தார்கள் என்பதைப் புரிந்துகொண்டேன்.