கையாலைக்கு இப்புறம் கட்டிய கிடா

என் கொழுந்தனின் மனைவியைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்காதீர்கள். எனக்கு அவள்மேல் பொறாமை. அதற்கு வேறு பேர் வைத்து மறைக்கிற வயதெல்லாம் தாண்டிவிட்டது. நான் இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருடம் கழித்து வந்தவள் அவள். நான் ஆடு வளர்ப்பதைப் பார்த்துத்தான் அவளும் ஆடு வாங்கினாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கையாலை, இடுப்பளவு உயரம். அந்தப் பக்கம் அவளுக்கு ஐந்து பெட்டை ஆடு, இந்தப் பக்கம் எனக்கு நாலு. என்னுடையவை தோன்றிய நேரத்தில் குட்டி போடும். கிடா வருடம் முழுக்கக் கூடவே நின்றால் வேறென்ன நடக்கும்? ஒன்று ஆனி மழையில் ஈனும், இன்னொன்று ஐப்பசி மழையில் ஈனும். ஈரத்தில் விழுந்த குட்டி இருமத் தொடங்கினால் பிழைப்பது பெரும்பாடு. அவளுடைய ஆடுகளோ எல்லாம் தை மாதத்தில், ஒரே வாரத்தில், பேசி வைத்ததுபோல ஈனும். மழை ஓய்ந்திருக்கும், தழை நிறையக் கிடைக்கும். கொழுத்த குட்டிகள் அவள் முற்றத்தில் துள்ளுவதை நான் பாத்திரம் கழுவிக்கொண்டே பார்க்க வேண்டும்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். எங்கள் சர்ச்சில் நவம்பரில் அசனம். சபையார் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து ஆட்டுக்கறியும் சோறும் சாப்பிடுவோம். ஆடு கொடுத்த குடும்பங்களைப் போதகர் ஆராதனையில் வாசிப்பார். தையில் பிறந்த கிடாக்குட்டி அதற்குள் பத்து மாதமாகி, கொடுக்கிற பருவத்தில் நிற்கும். வருடா வருடம் இளையவன் குடும்பம் என்று வாசிப்பார். மூத்தவன் குடும்பம் என்று எங்களை ஒருநாளும் வாசித்ததில்லை. ஒரே ஒரு வருடம் அந்தப் பேர் வாசிக்கப்பட வேண்டும், எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அவள் ஏதோ ஊசி போடுகிறாள் என்று நினைத்தேன். அவளிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்க எனக்கு வாய் வரவில்லை. நேரே மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன்.

"ஊசி ஒண்ணும் இல்லம்மா" என்றார் டாக்டர். "பெரிய பண்ணையில மருந்து வச்ச ஸ்பாஞ்சு வச்சு எல்லா ஆட்டையும் ஒண்ணா பருவத்துக்குக் கொண்டு வருவாவ. உங்களுக்கு அது வேண்டாம். ரெண்டு மாசம் கெடாவக் கண்ணுல காட்டாதீங்க, அதுக்க மணமும் அடிக்கப்பிடாது. ஆவணியில கொண்டு விட்டா, பத்து நாளுக்குள்ள எல்லாம் சேந்து பருவத்துக்கு வந்து கத்தும். அஞ்சு மாசத்துல தையில குட்டி."

அப்போதுதான் விளங்கியது. ஆனி பிறந்ததும் அவள் தன் கிடாவை ஆட்டோவில் ஏற்றிக் கீரிப்பாறையில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அனுப்புவாள். அங்கே தழை அதிகம் என்று அனுப்புவதாக நான் நினைத்திருந்தேன்.

எனக்குக் கிடாவைக் கொண்டுபோய் விட அப்படியொரு வீடு கிடையாது; மேல விளை என்கிற எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் கட்டினால் தினமும் ஏறிப் போய்த் தண்ணீர் காட்ட வேண்டும். இடம் இல்லாவிட்டால் வயிற்றுக்குக் கீழே சாக்குக் கட்டினால் போதும், பெட்டைமேல் ஏறினாலும் சினை பிடிக்காது என்று டாக்டரே சொல்லியிருந்தார். சாக்கைத் தேட யாருக்குப் பொறுமை? மழைக்காலத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் இடம் நனையாமலிருக்கப் பாவாடைபோலச் சுற்றும் பிளாஸ்டிக் வீட்டில் கிடந்தது. அதுவரை வீட்டுக்குப் பின்னால் நின்ற கிடாவுக்கு அதைச் சுற்றி, கண்ணில் படும்படி முற்றத்தில் கட்டினேன். பால் வெட்ட வந்தவர் பார்த்துவிட்டு, "அக்கா, பால் பிடிக்க சிரட்டையும் ஒண்ணு மாட்டியிருக்கலாமே" என்று கேலி செய்துவிட்டுப் போனார்.

மறுநாள் கையாலை ஓரம் அவள் வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு ரெண்டு மாசம் உங்க கெடாவ மேல விளையில கெட்டுவியளா? அதுக்க மணம் இங்க அடிச்சா எனக்க ஆட்டுக்குக் கணக்கு தப்பிரும்."

"அதுக்கென்ன ஏட்டி, கெட்டுனா போச்சு" என்றேன்.

அன்று மத்தியானமே கிடாவை அவிழ்த்துக் கையாலையை ஒட்டி நின்ற பலாமரத்தில் கட்டினேன். மறந்து கட்டவில்லை, தெரிந்தேதான் கட்டினேன். அவளுக்கும் ஒரு வருடம் தப்பட்டும், மழையில் குட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் தெரியும் என்று இருந்தது. கேட்டால், மேல விளையில் நாய்த்தொல்லை என்று சொல்லலாம் என்று பதிலும் வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை.

ஆடி மழையில் பிளாஸ்டிக் கிழிந்து தொங்கியது. நான் மாற்றவில்லை. ஒருநாள் வெயில் தெளிந்த நேரம் அடுக்களை வாசலில் நின்று பார்க்கிறேன், அவளுடைய கறுப்பாடு கையாலையைத் தாண்டி வந்து என் கிடாவின் பக்கத்தில் நின்றது. பின்னாலேயே இன்னும் இரண்டு. ஒரு கம்பை எடுத்து விரட்டியிருக்கலாம். உள்ளே போய்த் தேயிலைக்குத் தண்ணீர் வைத்தேன். என் நாலு ஆடும் அதே கிடாவோடுதான் நிற்கின்றன என்பது அந்த நேரம் தோன்றவேயில்லை. பொறாமைக்கு மூளை அவ்வளவுதான்.

ஆவணியில் அவள் கிடா கீரிப்பாறையிலிருந்து வந்து இறங்கியது. மூன்று ஆடு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் அவற்றின் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மார்கழிப் பிறப்பில், விடாத மழையில், இரண்டு பக்கமும் சேர்ந்து ஈன்றன. என் கொட்டகை ஒழுகியது. குடை பிடித்துக்கொண்டு அவள்தான் முதலில் வந்தாள். பழைய சேலையைக் கிழித்துக் குட்டிகளைத் துடைத்தாள், குண்டு பல்ப் ஒன்றைக் கொண்டுவந்து தொங்கவிட்டுச் சூடு காட்டினாள். என் ஆறு குட்டியும் நாலு நாளைக்குள் செத்தன. அவளுடைய நாலில் ஒரு கிடாக்குட்டி மட்டும் தேறியது. அதன் நெற்றியில் என் கிடாவுக்கு இருப்பதுபோலவே வெள்ளைப் புள்ளி.

"இந்த சவத்துக் கெடா, கையாலைய சாடிப் போயிருக்கும்" என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் குட்டியின் வாயில் பால்புட்டியை வைத்தாள். "நீங்க அடுக்களை வாசல்ல நின்னு பாத்ததை நான் பாத்தேன் அக்கா. நான் ஓடி வாறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

அவள் யாரிடமாவது சொல்லுவாள், கொழுந்தன் வந்து சத்தம் போடுவார் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. அவள் வழக்கம்போல மீன் வாங்கும்போது எனக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு திருப்பிச் சொல்லிக் கணக்கைத் தீர்த்திருப்பேன்.

அடுத்த நவம்பரில் அந்தக் கிடாக்குட்டி அசனத்துக்குப் போனது. ஆராதனை முடியும்போது போதகர் தாளைப் பார்த்து வாசித்தார். மூத்தவன் குடும்பம் என்றார். தவறி வாசிக்கிறார் என்று நினைத்து அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாள். பேர் எழுதிக் கொடுத்தது அவள்தான்.

நான் இத்தனை வருடம் ஆசைப்பட்டதை அவள் எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டாள். நன்றி வரவில்லை. இதிலும் அவளே ஜெயித்துவிட்டாளே என்று வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் இருந்த பெண் கறியை மென்றுகொண்டே, "உங்க ஆடா அக்கா? நல்ல வளர்த்தி கேட்டியளா, பஞ்சுபோல வெந்திருக்கு" என்றாள். அந்த நேரம் என் கொழுந்தனின் மனைவி கறி வாளியோடு எங்களுக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஆமா" என்றேன். "எனக்க ஆடுதான்."

அவள் குனிந்து என் இலையில் இன்னொரு துண்டு வைத்தாள்.