ஓசூர் யாருக்கு என்று படித்த ரைட்டர்

ஓசூரில் சென்னகிருஷ்ணன் தும்மினால் மூன்று பாஷையில் தும்முவார் என்று சொல்வார்கள். முதல் தும்மல் தமிழ், அடுத்தது தெலுங்கு, மூக்கைத் துடைக்கும்போது கன்னடம். கோர்ட்டில் ரைட்டராக இருந்த மனிதர். சாட்சி எந்தப் பாஷையில் பொய் சொன்னாலும் அதே பாஷையில் எழுதிக்கொள்ளும் வேலை. ஓய்வு பெற்ற மறுவருஷமே மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகளும் இல்லை. வீட்டில் எந்தப் பாஷையில் பேசவும் ஆள் இல்லாமல் போயிற்று.

மிஞ்சியது பேப்பர் ஒன்றுதான். மதராஸில் அச்சாகும் இங்கிலீஷ் தினசரி. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்திலேயே அவனைக் கேள்வி கேட்ட பத்திரிகை. முதல் பக்கம் முழுக்க விளம்பரம். சேதி வேண்டுமென்றால் உள்ளே புரட்டிப் போகவேண்டும். அவருடைய அப்பா காலத்தில் அது மாட்டு வண்டியில் வந்தது. பிறகு சின்ன ரயிலில் வந்தது. உலகச் சண்டைக் காலத்தில் அந்த ரயிலை நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து மெயில் ரயிலில் பெங்களூர் வரை போய், பஸ் ஏறி, எல்லையோர ஜூஜுவாடி வழியாகத் திரும்பி வந்தது. வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். ஆனாலும் அதில் வந்தால்தான் சேதி. கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே போய், மறுநாள் பேப்பரில் மழை என்று போட்ட பிறகு குடை வாங்கிய வக்கீல் ஒருவர் அந்த ஊரில் இருந்தார்.

பேப்பரோடு ரைட்டர் திம்மராயனின் புளி மண்டிக்குப் போவார். அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் புளியைத் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். கைக்கு வேலை, காது சும்மா. ரைட்டர் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து படித்து, அவரவர் பாஷையில் சொல்லுவார். பாதிப்பேர் கேட்பார்கள், பாதிப்பேர் கொட்டாவி விடுவார்கள்.

ஐம்பத்தாறாம் வருஷம் நிலைமை மாறியது. பாஷைவாரியாக ராஜ்யங்களைப் பிரிக்கிற நேரம். ஓசூர் மதராஸோடு நிற்குமா, மைசூருக்குப் போகுமா என்று ஊரே கேட்டது.

“ரைட்டரய்யா, இன்னைக்கு நாம யாரு?” என்று தினமும் ராஜாத்தி ஆரம்பிப்பாள். மண்டியில் வாய் நீளமானவள் அவள்தான்.

“இன்னைக்கு வரைக்கும் மதராஸ்.”

“நாளைக்கு?”

“நாளைக்கு வந்து கேளு.”

அந்த நாளைக்காகத்தான் அவர் காலையில் எழுந்தார். கொஞ்சம் தாமதமானால் திம்மராயனே வாசலில் நின்று எட்டிப் பார்ப்பான். ஒருவர் வரவில்லையே என்று இன்னொருவர் எட்டிப் பார்ப்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

மாசியில் ஒருநாள் உள்பக்கத்தின் ஒரு மூலையில் நாலே வரி வந்தது. ஓசூர் இருக்கிற இடத்திலேயே இருக்கும். பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே ரைட்டர் அதை இரண்டு தரம் படித்தார். முடிவாகிவிட்டால் நாளைக்கு யார் கேட்பார்கள்?

மண்டிக்குப் போனார். “டெல்லியில இன்னும் யோசிக்கறாங்க,” என்றார். மறுநாள் ஒரு கமிட்டி போட்டார். அதற்கு மறுநாள் கமிட்டிக்குள் சண்டை மூட்டி, ஒருவர் காபி டம்ளரை விட்டெறிந்ததாகச் சொன்னார். வாரக் கடைசியில் ஓசூரை அளக்கிற சங்கிலி யானைமேல் ஏறி டெல்லியை விட்டுக் கிளம்பிவிட்டது. ஒருத்தியும் கொட்டாவி விடவில்லை.

அன்றைக்குத்தான் மாதம்மாள் கட்டையைக் கீழே வைத்தாள். அதிகம் பேசாதவள்.

“அய்யா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எம் பொண்ணு முனிலட்சுமிய மைசூர் பக்கம் அத்திப்பள்ளியில எந் தம்பிக்குக் குடுக்கறதா பேச்சு. நம்மூரு மைசூரோட சேந்துட்டா கவலையில்ல. சேரலன்னா நடுவுல வேலி போட்டுருவாங்களாமே, புள்ளையப் பாக்க பாஸ் வாங்கணுமாமே? பேப்பர்ல முடிவு வரட்டும்னு நாளத் தள்ளிட்டே வரேன். நேத்து ஆளு அனுப்பிட்டாங்க. உகாதிக்குள்ள சொல்லலன்னா வேற எடம் பாத்துக்குவாங்களாம்.”

“பேப்பரப் பாத்துத் தாலி கட்டற ஊரு நம்மூரு ஒண்ணுதான்டி!” என்றாள் ராஜாத்தி. எல்லாரும் சிரித்தார்கள். ரைட்டர் சிரிக்கவில்லை. பேப்பரை மடித்து மடியில் வைத்தார்.

“முடிவாயிடுச்சும்மா. நாம மதராஸ்தான்.”

“என்னைக்கு?”

“ஒரு வாரமாச்சு.”

கட்டைச் சத்தம் நின்றுவிட்டது. “அப்புறம் ஏன்யா சொல்லல?” என்றான் திம்மராயன். ரைட்டர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினார்.

“வேலி?” என்றாள் மாதம்மாள்.

“வேலின்னு ஒரு வார்த்த இல்ல. இந்தப் பேப்பரே தெனம் மைசூர் சீமைக்குள்ள பூந்துதான் வருது. எவனாச்சும் புடிச்சானா? நீ போயி நாளக் குறிம்மா.”

அவள் மடியில் ஒட்டிய புளி நாரைத் தட்டிவிட்டு எழுந்தாள். கோபமும் இல்லை, நன்றியும் இல்லை. அத்திப்பள்ளி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

“அப்ப யானை, ரைட்டரய்யா?” என்று கேட்டாள் ராஜாத்தி.

“அது… வழியிலயே திரும்பிடுச்சு.”

அதன்பிறகு மண்டியில் கல்யாணப் பேச்சுதான். சீலை, பந்தல், மாப்பிள்ளையின் மீசை. ரைட்டர் பருத்தி விலையைப் படித்துப் பார்த்தார். பாகிஸ்தான் சேதியைப் படித்துப் பார்த்தார். அவர் குரலுக்கு மேலே கட்டைகள் தட்டின. மாதம்மாள் அவருக்கும் வெற்றிலை பாக்கு வைத்தாள். பஸ்ஸில் எங்களோட கூடவே வாங்க என்று சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் எல்லாரும் கூச்சலோடு பஸ் ஏறிப் போனார்கள். திம்மராயன் மண்டிக் கதவைச் சாத்தினான்.

“நாளைக்கு உண்டா?” என்று கேட்டார் ரைட்டர்.

“எல்லாரும் வந்தப்புறம்தாங்க.”

படிக்காத பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பேப்பர் பஸ் எப்போதோ வந்து போயிருந்தது. அடுத்த பெங்களூர் பஸ் வந்தது. போனவர்கள் இன்றைக்குத் திரும்பமாட்டார்கள் என்று தெரிந்தும், இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.