ஊசி டெய்லர் தொப்பை குறைத்த கதை

வாலிபத்தில் ஒல்லியாக இருந்தபோது வைத்த பெயர், ஊசி. ஐம்பது வயதில் தையல் மெஷினுக்கும் டெய்லருக்கும் நடுவே ஒரு தொப்பை வந்து உட்கார்ந்த பிறகும் தெருவில் யாரும் பெயரை மாற்றவில்லை. அவரும் அலட்டிக்கொள்ளவில்லை. பேன்ட் இறுகினால் தையலைப் பிரித்து அரை அங்குலம் விடுவார். வைத்தியம் அதோடு முடிந்தது.

அக்காவின் கல்லீரல் கெட்டுப்போன பிறகுதான் அந்தத் தொப்பை குடும்ப விஷயமானது. ஈரலில் ஒரு பகுதியை வெட்டிக் கொடுக்க வீட்டில் பொருந்தியது தம்பியான டெய்லர் ஒருவருக்குத்தான். டாக்டர் அவர் இடுப்பில் டேப்பைச் சுற்றினார்.

"நாப்பத்திரெண்டு. உங்க ஈரல்லயும் கொழுப்பு இருக்கு. இப்படியே வெட்டிக் குடுக்க முடியாது. ரெண்டு மாசத்துல குறைச்சுட்டு வாங்க. அதுக்கு மேல உங்க அக்கா தாங்க மாட்டாங்க."

டெய்லருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாளே மனைவியோடு உடற்பயிற்சி மெஷின் கடைக்குப் போனார். டிரெட்மில்லில் நாலு அடி நடப்பதற்குள் முழங்கால் முனகியது. கீழ்வீட்டுக்காரர் வேறு, நாற்காலி இழுத்தாலே மாடியேறிச் சண்டைக்கு வருகிறவர். துடுப்பு வலிக்கிற மெஷினை வைத்தால் கட்டிலை வெளியே போட வேண்டும். சைக்கிளில் உட்கார்ந்ததும் கால் தானாகச் சுற்றியது. "இதுதான்" என்றார்.

"முப்பது வருஷமா தையல் மெஷினை மிதிச்சுக்கிட்டுத்தானே இருக்கீங்க? அதுல குறையாதது இதுல குறைஞ்சிடுமா?" என்றாள் மனைவி.

"இந்தக் குமிழை இறுக்கி மிதிக்கணும் சார். மூச்சு வாங்குனாத்தான் கரையும்" என்றார் கடைக்காரர்.

முதல் வாரம் இறுக்கித்தான் மிதித்தார். எட்டாம் நாள், பத்து வருஷமாகக் கழுத்தில் தொங்கும் தன் டேப்பை எடுத்து அளந்தார். நாற்பதரை! உடனே போன்.

"ஒன்றரை இஞ்சு போச்சுக்கா!"

அந்தப் பக்கம் அக்கா அழுதாள். அந்தத் தெம்பில் குமிழ் மெல்லத் தளர்ந்தது. தையல் மெஷினை மிதிக்கிற சுகத்தில் மிதித்துக்கொண்டிருந்தார் மனுஷன். கடைசியாக அளந்தபோது டேப்பு நாற்பது காட்டியது.

இரண்டு மாதம் முடிந்து போனபோது டாக்டரின் டேப்பு நாற்பத்தொன்றரை காட்டியது. ஸ்கேனில் கொழுப்பு அப்படியே இருந்தது.

"என் டேப்பு பொய் சொல்லாது டாக்டர்" என்று கழுத்திலிருந்து உருவிக் கொடுத்தார்.

டாக்டர் இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். நாற்பது என்ற கோடு டெய்லரின் டேப்பில் ஒன்றரை அங்குலம் கீழே இறங்கி நின்றது. இழுத்து இழுத்தே நீண்டுபோயிருக்கிறது. ஆளையும் துணியையும் அதே டேப்பில் அளந்ததால் இத்தனை வருஷத்தில் ஒரு சட்டைகூடப் பிசகியதில்லை. பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

"இன்னும் ஒரே ஒரு மாசம்..."

"அவங்களுக்கு அவ்வளவு நாள் இல்லைங்க. வேற ஆள் கிடைக்குமான்னு பாப்போம்" என்றார் டாக்டர். அவர் குரலிலும் நம்பிக்கை இல்லை.

அக்கா வீட்டுக்குப் போனார். அவள் இரண்டு சட்டைகளை எடுத்து வைத்துக் காத்திருந்தாள்.

"கையெல்லாம் தொளதொளன்னு தொங்குதுடா. பிடிச்சுக் குடு. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வரும்போது போட்டுக்கணும்."

சொல்ல வாயெடுத்தார். டேப்பை அவள் கையில் சுற்றினார்.

"ஒரு இஞ்சு குறைஞ்சிருக்குக்கா."

"உனக்குடா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

டெய்லர் தலை நிமிராமல் அதே இடத்தை மறுபடி அளந்தார்.