வண்டியோடு போன ஏசிக்காரர்

அந்தத் தெருவில் எல்லாருக்கும் அவர் ஏசிக்காரர்தான். காற்று சூடாக வருகிறதென்று எந்த வண்டி வந்து நின்றாலும், பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் வாயைத் திறந்துவிடுவார். "இது ஏசி இல்ல சார், துணி காயவைக்கிற மெஷின்" என்பார். வந்தவரும் சிரித்துவிடுவார். கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் மனைவிதான் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒருநாள் மதியம் நீளமான வேன் ஒன்று வந்து நின்றது.

"காத்து சூடா வருதுண்ணே. கொஞ்சம் சீக்கிரம் பாருங்க" என்றார் டிரைவர்.

"ஏன் இந்த அவசரம்? உள்ள என்ன ஐஸ்கிரீமா?"

டிரைவர் பின்கதவைத் திறந்தார். வெள்ளைத் துணி போர்த்திய உடம்பு ஒன்று கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், கூரையிலிருந்து வரும் காற்றுக்கு உள்ளங்கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் பையன். வேலை பாத்த இடத்துல ஆத்துல மூழ்கிட்டான். வீட்டுக்குக் கொண்டு போறோம்" என்றார் டிரைவர்.

இந்த முறை ஏசிக்காரர் பானெட்டை மட்டும் திறந்தார். கம்ப்ரசர் ஓடியது, ஃபேன் சுற்றியது. கேஸ் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினால் இரண்டு முள்ளும் கீழேயே படுத்துக் கிடந்தன. கேஸ் இல்லை. முன்பக்கத்துக் குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. அப்படியானால் ஓட்டை பின்னால், கூரைக்குள் இருக்கும் கூலிங் காயிலில். கூரையைப் பிரிக்க வேண்டும். வேலை முடியப் பொழுது போய்விடும்.

"பையனை இறக்கணுமா தம்பி?" என்று கேட்டார் பெரியவர்.

"வேணாங்கய்யா. அவன் படுத்திருக்கட்டும்."

கேஸை ஏற்றினார். காற்று குளிர்ந்தது. வழியில் மறுபடி கசிந்து போகும் என்பது அவருக்குத் தெரியும். சிலிண்டரைத் தூக்கி வண்டிக்குள் வைத்து, தானும் ஏறிக்கொண்டார். மனைவி ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தாள். "பாத்துப் போயிட்டு வாங்க" என்றாள்.

காற்று வெதுவெதுப்பாகும்போதெல்லாம் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி கேஸ் ஏற்றினார். பாதி வழியில் பெரியவர் தானாகப் பேச ஆரம்பித்தார்.

"இவனுக்கு ஃபேனை முழு வேகத்துல வெச்சாத்தான் தூக்கம் வரும். சளி பிடிக்கும், குறைடான்னு தினமும் சண்டை போடுவேன். இப்ப குளிரு பத்தலையேன்னு உக்காந்திருக்கேன்."

ஊரையெல்லாம் சிரிக்க வைத்த ஏசிக்காரரின் வாயிலிருந்து, "இன்னும் கொஞ்ச தூரந்தாங்கய்யா" என்பதைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

வீடு நெருங்குவதற்கு முன்பே சிலிண்டர் தீர்ந்துவிட்டது. காற்று சூடாக அடித்தது. பெரியவர் தோள்துண்டை எடுத்து மகன் முகத்துக்கு நேரே விசிற ஆரம்பித்தார். ஏசிக்காரர் ஓர் அட்டையைக் கிழித்து, பையனின் காலடியில் உட்கார்ந்து விசிறினார். கை வலித்தபோது கை மாற்றிக்கொண்டார்.

பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் நின்றிருந்த தாய் ஓடிவந்து துணியை விலக்கி மகனின் கன்னத்தைத் தொட்டாள். "ஐயோ, சில்லுனு இருக்கானே" என்று கதறினாள். இவ்வளவு நேரமும் எந்தக் குளிருக்காக ஏசிக்காரர் பாடுபட்டாரோ, அதைத்தான் அவள் தாங்க முடியாமல் அழுதாள். ஏசிக்காரர் வேனின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் வீடு திரும்பினார். மனைவி தட்டு வைத்தாள். சாப்பாட்டை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"பையன் முகம் எப்படி இருந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"முகத்தை நான் பாக்கலை. துணி விலகிக் காலு மட்டும் தெரிஞ்சுது" என்றார். "ஒரு கால்ல நகம் வெட்டியிருந்தான். இன்னொரு கால்ல வெட்டலை."

அவள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று கடை திறக்கவில்லை.