முன் கதவில் நின்று எங்களை எண்ணிய ஜெறி

ஜெறி போய்விட்டார். செவ்வாய்க்கிழமை, நித்திரையிலேயே.

பிறம்ரனில் வேலை இடத்து லஞ்ச் றூமில் இருந்தபோது அவருடைய மகள் கோல் எடுத்துச் சொன்னாள். சாப்பாட்டை மூடி வைத்தேன். பிறகு போய் ஃபோர்க்லிஃப்டில் ஏறினேன். அழுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தென்பு வேண்டும்...

இதை வாசிக்கிற பலருக்கு ஜெறியைத் தெரியாது. ஸ்காபரோவில் கார்க் கதவுக்குப் பூட்டுச் செய்கிற ஒரு பக்டரியில் என்னோடு பதினொரு வருடம் வேலை செய்த வெள்ளைக்காரர். கனடா வந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. ஜெறியைத் தவிர எங்கள் லைனில் எட்டுப் பேர், அதில் ஐந்து பேர் தமிழர்.

அவருக்கு ஒரு பழக்கம். ஷிஃப்ட் முடிந்ததும் முதல் ஆளாகப் போய் முன் கதவடியில் நிற்பார். வெளியே வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத் தலையை லேசாக ஆட்டுவார். வாய்க்குள் எண்ணுவார்.

வேறு ஆட்கள் என்றால் குட்பை சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள். நாங்கள் எங்கே இருந்து வந்தவர்கள்...

"உவன் தலையாட்டியடா," என்றார் லைனில் மூத்தவரான சிவம் அண்ணை. "மனேஜ்மென்ற் வைச்ச ஆள். பார், முகத்தைப் பாத்துப் பாத்து ஆட்டுறான்."

இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஊரில் சுற்றிவளைப்பு என்றால் ஆமி எங்களை வரிசையாக நடக்க விடும். முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் இருந்து பார்ப்பான், அவன்தான் தலையாட்டி. அவன் தலையாட்டினால் ஆள் லொறியில். என் அண்ணாவும் அப்படித்தான் ஏறினான். திரும்பி வரவில்லை.

சிவம் அண்ணை பகிடியாகச் சொல்லிவிட்டு அடுத்த நாளே மறந்துவிட்டார். என்னால் மறக்க முடியவில்லை. ஒரு கிழமை குனிந்த தலையோடு ஜெறியைக் கடந்து போனேன். பிறகு ஒரு நாள் பின்பக்கத்து லோடிங் கதவால் நழுவினேன்.

பெப்ரவரி மாதம். முழங்கால் மட்டும் ஸ்னோ. கட்டடத்தைச் சுற்றி நடந்து பஸ் ஸ்டொப்புக்கு வந்தால் பஸ்ஸைக் காணவில்லை.

முக்கால் மணித்தியாலம் கழித்து ஜெறி வந்தார். கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடவில்லை. வோஷ்றூம், லொக்கர் றூம், மெஷின்களுக்குப் பின்னால் என்று என்னைத் தேடியிருக்கிறார்.

ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன். "எட்டு," என்றார். அவ்வளவுதான். திரும்பி நடந்து போய்விட்டார்.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரம் தானாகவே வந்து பக்கத்தில் இருந்தார். நியூபவுண்ட்லாந்துக் கரைக்குக் கிட்ட ஒரு சின்னத் தீவாம் அவருடைய ஊர். முழுத் தீவுமே இரும்புச் சுரங்கத்தை நம்பித்தான் இருந்ததாம். மண் சிவப்பு, கொடியில் காய்கிற வெள்ளைத் துணியும் சிவப்பு. சுரங்கம் தீவுக்குக் கீழே தொடங்கிக் கடலுக்கு அடியில் போகும். அவருடைய அப்பா கீழே வேலை செய்யும்போது மேலே மீன்பிடிப் படகு போகுமாம்.

இறங்குகிற ஆட்களுக்கு இலக்கம் அடித்த பித்தளைத் தகடு கொடுப்பார்கள். மேலே வந்ததும் பலகையில் அதைக் கொழுவ வேண்டும். தன் கூட்டத்து ஆட்களின் தகடு எல்லாம் கொழுவும் வரைக்கும் ஒருவரும் வீட்டுக்குப் போகமாட்டார்களாம். அது சட்டம் இல்லை, பழக்கம். ஒருநாள் ஒரு தகடு குறைந்தது. ஜெறியின் அப்பா திரும்ப இறங்கிப் போய், கல்லுக்குள் கால் மாட்டிக் கிடந்தவரைத் தூக்கி வந்திருக்கிறார்.

ஜெறியும் பதினெட்டு வயதில் இறங்கினார். ஒரு வருடம்தான். சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பம்பை நிற்பாட்டியதும் தண்ணீர் ஏறியது. அவருடைய தெருவில் பாதிப் பேர் ஒன்ராறியோவுக்கு பக்டரி வேலை தேடி வந்தார்கள்.

கதையைக் கேட்ட சிவம் அண்ணை, "அட, உவரும் என்னை மாதிரித் தீவான்தான்," என்றார். சிவம் அண்ணை புங்குடுதீவு. அன்றிலிருந்து அவருடைய இடியப்பத்தில் பாதி ஜெறிக்கு.

நானும் அன்றிலிருந்து முன் கதவால்தான் போனேன்.

ஏன் அன்றைக்குப் பின்கதவால் போனாய் என்று ஒருமுறை கேட்டார். பஸ் ஸ்டொப் கிட்ட என்றேன். பஸ் ஸ்டொப் முன்பக்கம் என்று அவருக்கும் தெரியும். மேற்கொண்டு கேட்கவில்லை.

உங்களைக் காட்டிக்கொடுக்கிறவன் என்று நினைத்தேன் என்று எப்படிச் சொல்வது... சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தேன். வேலை, பிள்ளைகள், மோட்கேஜ், 401 ஹைவே. நாள் ஓடிவிட்டது.

எங்கள் பக்டரியையும் மூடினார்கள். கடிதத்தை வாசித்துவிட்டு, இது எனக்கு இரண்டாவது என்றார் ஜெறி. கடைசி நாள் எல்லோரும் சாமானைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வெளியே வர, வழக்கம்போல முன் கதவில் நின்றார். கடைசி ஆள் நான். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். இரண்டு கையிலும் பெட்டி, பின்னால் கதவு பூட்ட நின்ற செக்கியூரிற்றி... பிறகு கோல் எடுப்போம் என்று வந்துவிட்டேன்.

ஜெறியின் மகள் அந்தக் கோலில் ஒன்று கேட்டாள். அப்பாவின் போனில் எங்கள் பெயர்களுக்கு முன்னால் ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டிருக்கிறதாம். உங்களுக்கு எட்டு, அது என்ன என்றாள். சனிக்கிழமை நேரில் வந்து சொல்கிறேன் என்றேன். பிறேக் முடிந்துவிட்டது.

இரண்டாம் இலக்கத்துக்குக் கோல் எடுத்தாளாம், நம்பர் வேலை செய்யவில்லையாம். இரண்டு சிவம் அண்ணை. அவர் போய் நான்கு வருடம் என்று நான்தான் சொன்னேன்.

சனிக்கிழமை பின்னேரம் ஜெறியைப் பார்வைக்கு வைக்கிறார்கள். அன்றைக்கு ஓவர்டைம் கேட்டிருந்தார்கள், ஏலாது என்று சொல்லிவிட்டேன்.

பின்கதவுக் கதையைச் சொல்லத்தான் வருகிறேன் ஜெறி. முன் கதவால் வருவேன்.