லிஃப்ட் மெக்கானிக்கின் அட்டைப்படம்

முப்பத்தோரு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்த என் பெரியப்பா, ஓய்வு பெற்றதும் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அதைப் படிக்காமலேயே ஓவியர் அட்டையில் மாடிப்படியை வரைந்து வைத்தார்.

"படிப்படியா ஏறி வந்தவருன்னு பாத்ததும் தெரியணும் சார்."

"யாரும் படி ஏறாம பாத்துக்கிட்டதுதான்யா என் வேலையே."

அட்டை மாறவில்லை. அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "நீங்க கொத்தனாரா?" என்று கேட்டார்.

வெளியீட்டு விழா ஐந்தாவது மாடியில். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் பெரியப்பா பொருத்தியது. விழா நாளில் சும்மா இருக்காமல், காலையிலேயே போய் அதைக் கழற்றி எண்ணெய் போட்டார். மாலையில் அது நகரவில்லை.

விருந்தினர்கள் மூச்சு வாங்க ஏறி வந்து புத்தகத்தைக் கையில் வாங்கினார்கள். அட்டையைப் பற்றி ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

கடைசியாக வந்த பெரியம்மா நாற்காலியில் சாய்ந்தாள்.

"படம் போட்டவருக்கு உங்களை நல்லாத் தெரிஞ்சிருக்கு."